முன்பாரம்

மாலை நாலு மணிக்கு மாதா தெருவின் மேல்முனையில், மாதா சிலை வைத்த குகைபோன்ற கெபிக்குப் பக்கத்தில், அம்பு தெருவுக்குள் நுழையும். பூசை முடிந்து வீட்டுக்கு நடந்துவருகிற ஆளின் வேகத்தில், அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், மூன்று வெள்ளை இறகுகளும் மெதுவாகச் சுழல, தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டைப்போல ரீங்கரித்துக்கொண்டு, தெருவின் இருநூற்று நாற்பது காலடியையும் கடந்து, கடல் பக்கத்து முனையில் வெயிலுக்குள் போய் மறைந்துவிடும், மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும் கெபிக்குப் பக்கத்தில் வரும்.

அதை எய்தது என் வீட்டுக்காரர் கிளாட்வின். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை, சனி ஞாயிறுகளில் கடற்கரை மைதானத்தில் பழைய முறை வில்வித்தை சொல்லிக்கொடுப்பார். வில் மரம்தான், குறிபார்க்கிற கருவி எதுவும் அதில் கிடையாது, ஆனால் அம்புமட்டும் கார்பன், ஏனென்றால் எங்கள் ஊர் உப்புக்காற்றில் மர அம்பு ஒரே வாரத்தில் வாழைமட்டைபோல வளைந்துவிடும். கார்பன் தண்டுக்கு விறைப்பு அதிகம். விறைப்பான அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். முனையில் பாரம் ஏற்றினால் தண்டு இளகி நேராகப் போகும். பாரம் கூடிப்போனால் வலப்பக்கம் ஒதுங்கும். அந்த முன்பாரத்தைச் சரிபண்ணுவது வீட்டில் என் வேலை. முனையைக் கழற்றி, அதன் திருகாணியில் சின்னப் பித்தளை வளையம் ஒன்றைக் கோத்து, திரும்ப முடுக்கி, நகைக்கடைத் தராசுபோன்ற ஒரு தராசில் வைத்துப் பார்ப்பேன். ஒரு வளையம் இருபத்தைந்து கிரெய்ன், ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். ஒரு தடவைக்கு ஒரு வளையம்தான் ஏற்ற வேண்டும், எய்து பார்க்க வேண்டும், எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. கல்யாணமான புதிதில் கிளாட்வின் எனக்குச் சொல்லித்தந்த ஒரே விதி அது, நானும் கான்வென்ட்டில் படித்தவள், சொன்னதைச் சொன்னபடி செய்தே பழகியவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் எய்த அம்பு இலக்குக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் நாலு மணிக்கு அது எங்கள் தெருவுக்குள் வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

முதல் நாள் மீன்வலையைக் கட்டிப் பார்த்தார்கள், வலையில் ஒரு கண் பெரிதானது. மறுநாள் தேக்குப் பலகையை நிறுத்தினார்கள், பலகையில் சுண்டுவிரல் அளவு ஓட்டை விழுந்தது. மூன்றாம் நாள் உப்பு லாரியைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்தினார்கள், அம்பு லாரியின் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது, டிரைவர் இறங்கி இரண்டு ஓட்டைகளுக்கும் சிகரெட் அட்டையை வைத்து அடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். கையால் பிடித்தால் பிடிக்கலாம், குளிர்ந்திருக்கும், ஆனால் நிற்காது, பிடித்தவரை இழுத்துக்கொண்டு போகும். போலீஸ்காரர் ஒருவர் வந்து கிளாட்வினிடம் வாக்குமூலம் வாங்கினார். "எப்ப எய்தீங்க?" "ஞாயித்துக்கிழமை." "இன்னைக்கு வியாழன்." "ஆமா சார்." அவர் அதையும் எழுதிக்கொண்டு போனார்.

அதற்குப்பின் ஊர் பழகிக்கொண்டது. பால்காரர் மூன்றரைக்கே வந்துபோனார். துணிக்கொடிகளை ஒரு முழம் உயர்த்திக் கட்டினார்கள். பஸ் கண்டக்டர் நாலு மணி டிரிப்பை அம்பு டிரிப் என்றே கூப்பிட்டார். ரீங்காரம் கேட்டதும் தெருவில் நிற்பவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து நிற்க, அது கடந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர, ஒரு மாதத்தில் அந்தக் குனிவு ஒரு மரியாதைபோலவே ஆகிவிட்டது. பக்கத்துப் பண்டகசாலைத் தெருக்காரர்களுக்குப் பொறாமை. "உங்க தெருவுக்கென்ன, பேப்பர்ல எல்லாம் வந்துட்டு" என்று ரேஷன் வரிசையில் என்னிடம் குத்தலாகச் சொன்னாள் அந்தத் தெரு சுபத்ரா. "நாங்க என்ன, அம்பில்லாத தெரு."

அது எந்த உயரத்தில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் எங்களுக்கு நாளாயிற்று. தெருவில் நிற்கத் தெரிந்த குழந்தைகளில் எது ஆகக் குட்டையோ, அதன் உச்சந்தலைக்கு மேலே சரியாக ஒரு சாண் உயரத்தில் அம்பு வந்தது. அந்தக் குழந்தை வீட்டுக்குள் இருந்தால் அம்பும் வீட்டுக்குள் திரும்பும், கட்டிலுக்கு அடியில் இருந்தால் கட்டில்காலில் ஓட்டை போட்டுக்கொண்டு அடியில் போகும், அதன் தலைக்கு மேலாகக் கடந்துவிட்டு மறுபடியும் தெருவுக்கு வந்து தன் வழியைப் பார்க்கும். குழந்தையைத் தெருவைவிட்டே கொண்டுபோனால், அதற்கடுத்த குட்டைக் குழந்தையைத் தேடிக்கொள்ளும். அதனால் மாதா தெருவில் எல்லோரும் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவே யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவைவிட்டு வெளியே போகக் கூடாது. நியாயமான கட்டுப்பாடுதான். எங்கள் தெருவில் நிற்கத் தெரிந்ததில் ஆகக் குட்டை என் மகள் அஞ்சலின், இரண்டேகால் வயது.

தச்சு வேலை செய்கிற இன்னாசி அண்ணன் ஒரு குச்சியில் நூல் கணக்கில் கோடு பிரித்துக் கொண்டுவந்து, ஒவ்வொரு நாளும் அவள் தலைக்கும் அம்புக்கும் நடுவே பிடித்துப் பார்த்தார். ஒரு சாண் ஒன்பது அங்குலம், அங்குலத்துக்கு எட்டு நூல், ஆக எழுபத்திரண்டு நூல். நாளுக்கு ஒரு நூல் அம்பு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னாசி அண்ணன் அளந்ததைச் சொல்ல, சாயங்காலம் டீக்கடையில் அது எல்லோருக்கும் தெரிய, அறுபது என்றும் ஐம்பத்தைந்து என்றும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல என் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். அவரும் சொன்னார். எங்கள் தெருவில் பத்து மாதத்துப் பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள், சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிற வயது. ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. எழப் போன பிள்ளையைத் தாய் தோளைத் தொட்டு உட்காரவைப்பதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன், அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள், மாலையில் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினாள்.

நாற்பது நூல் இறங்கி முப்பத்திரண்டு மிச்சம் இருந்தபோது, அஞ்சலின் அம்பைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். இறகை எட்டிவிட்டாள். சிரித்தாள். அன்றிரவே பித்தளை வளையம் ஒன்றை எடுத்துவைத்தேன்.

வளையத்தை ஏற்றினால் அம்பு வலப்பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும், அந்த ஊரில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். முனையை மாற்றி இலேசாக்கினால் இடப்பக்கம் போகும், ஆனால் இடப்பக்கம் சிஸ்டர்கள் நடத்துகிற குழந்தைகள் இல்லம், நாற்பது தொட்டில், நான் படித்த கான்வென்ட்டின் சுற்றுச்சுவர், அந்தப் பக்கத்தை யோசிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. வலப்பக்கத்தை யோசிக்க அப்படி இல்லை. எங்கள் ஊருக்குப் பெயர் ஆறுதெரு. கடலைப் பார்த்து நின்றால் எங்கள் மாதா தெருவிலிருந்து வலக்கைப் பக்கமாக, பண்டகசாலைத் தெரு, தச்சர் தெரு, கீழத்தெரு, புதுத்தெரு, கிட்டங்கித் தெரு என்று விரல்களை வரிசையாக வைத்தமாதிரி இருக்கும், அதற்கும் அந்தப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களின் குடியிருப்பு ஒரு வரிசை, அதை யாரும் தெருவாக எண்ணுவதில்லை, அதற்கும் அப்பால் உப்புப் பாத்திகளும் வெள்ளை வெயிலும், ஒரு ஆள் கிடையாது.

அம்பு நடக்கும்போது அதோடு நடந்துகொண்டேதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கெபியிலிருந்து எங்கள் வாசல்வரை நூற்றெழுபது காலடி. முனையைக் குறட்டால் அசையாமல் பிடித்தேன், அம்பு தன் சுழற்சியிலேயே திருகாணியைக் கழற்றிக்கொடுத்தது; ஏற்றும்போதுதான் அதன் சுழற்சியைவிட வேகமாகத் திருக வேண்டியிருந்தது, விரல் வியர்த்தது, தெருவே குனிந்து நிற்க நான் ஒருத்திமட்டும் நிமிர்ந்து அம்போடு நடந்தேன், வாசலில் கிளாட்வின் அஞ்சலினின் இரு தோள்களையும் பிடித்துக்கொண்டு நிற்பது பெரிதாகிக்கொண்டே வந்தது. நூற்றைம்பதாவது காலடியில் முனை முடுக்கிக்கொண்டது. அம்பு அவள் தலையைக் கடந்துபோனது. மறுநாள் நாலு மணிக்கு எங்கள் தெருவில் ரீங்காரம் இல்லை. பண்டகசாலைத் தெருவில் கேட்டது.

அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் நாலு பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

பண்டகசாலைத் தெருவில் கோலம் போட்டு, மாலை கட்டி, தங்கள் தெருவுக்கு வந்த அம்பை வரவேற்றார்கள். பன்னிரண்டாம் நாள் சுபத்ரா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க என்ன செஞ்சீங்களோ அதை எனக்குச் சொல்லித்தாங்க அக்கா."

"நான் ஒண்ணும் செய்யலையே."

"குனியாம நடந்துபோனீங்களாம். அன்னைக்கு உங்க தெருவுக்கு வந்த எங்க மாமியா மட்டும் குனியாமப் பாத்திருக்கா. அவ கோயில்லயே தலையைக் குனியாதவ, இதுக்கா குனிவா."

ஒரு வளையம் கொடுத்தேன். துடைப்பக்குச்சியில் திருகாணியைச் சொருகி, கூடத்தில் கிளாட்வின் அதைச் சுழற்றியபடி முன்னால் நடக்க, நானும் சுபத்ராவும் பின்னாலேயே நடந்து நடந்து பழகினோம். "எங் கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒத்திகை பாக்கல" என்றாள், மூவரும் சிரித்தோம், கூடத்தில் அஞ்சலின் எங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். மறுநாள் சுபத்ராவே ஏற்றினாள். அம்பு தச்சர் தெருவுக்குப் போனது.

தச்சர் தெருவில் மூன்று நாள். கீழத்தெருவில் இரண்டு. புதுத்தெருவில் ஒன்று. கிட்டங்கித் தெருவில் அம்பு வருவதற்கு முந்தின நாளே கம்பவுண்டர் மனைவி வளையம் வாங்கிவைத்துக்கொண்டாள், முதல் நாளே ஏற்றியும்விட்டாள், அவர்கள் தெரு ஆட்களில் பாதிப்பேர் அம்பைப் பார்த்ததே இல்லை. எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள், எல்லோருக்கும் கொடுத்தேன், எல்லோருக்கும் கூடத்தில் நடக்கக் கற்றுக்கொடுத்தேன். என்னைத் தெருவில் பார்த்தால் வணங்கினார்கள்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்பு பண்டகசாலைத் தெருவில் இருந்தபோது இன்னாசி அண்ணன் பழக்க தோஷத்தில் அங்கேயும் போய் அளந்துவிட்டு, வருகிற வழியில் என் வாசலில் நின்றார். "ஏழு நாளுக்கு ஒம்பது நூல் இறங்கியிருக்கு. குச்சி உப்புக்காத்துல ஊதிருச்சோ என்னவோ" என்றார். இருக்கும் என்றேன். அதற்குப் பிறகு அவர் அளக்கப் போகவில்லை. முன்பாரம் ஏற ஏற அம்பு சீக்கிரம் இறங்கும். மைதானத்துக்குப் புதிதாக வருகிற சிறுபிள்ளைக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம் அது.

ஆறு வளையத்தோடு அம்பு உப்பளக் குடியிருப்புக்குள் போனது ஒரு திங்கட்கிழமை. அன்று ஐந்தரை மணிக்கு ஒரு பெண் என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றாள். முழங்கால்வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. இடுப்பில் அஞ்சலின் வயதில் ஒரு பெண்குழந்தை, தலை மழுங்க மொட்டை, அங்கங்கே பிளேடு கீறின தடம்.

"யம்மா, அம்புக்குப் போடுற வளையம் நீங்கதான் குடுப்பியளாமே."

"உள்ள வாங்க."

"கால்ல உப்பும்மா. இங்கனயே நிக்கேன்." அவள் பெயர் பேச்சிக்கனி. குழந்தை தர்ஷினி. "எங்க லைன்ல இவதாம்மா குட்டை. தலைக்கும் அம்புக்கும் முக்கால் அங்குலம். முடி ரெண்டு நூல் இருந்துச்சு, அதையும் எடுத்துட்டேன். இப்பக் கூடுதலாத்தான இருக்கும்?"

அவள் எல்லாவற்றையும் சரியாக அளந்திருந்தாள். பாத்தியில் தண்ணீர் எத்தனை நூல் நிற்கிறது என்று தினமும் பார்க்கிறவள். ஆனால் அம்பு உச்சந்தலையைத்தான் கணக்கு வைத்திருந்தது, முடி எடுத்தாலும் முக்கால் அங்குலம் ஆறு நூல்தான்.

"வளையம் இனிமேல் ஏறாது அக்கா" என்றேன். "திருகாணியில இடம் இல்ல. ஆறு பேர் ஏத்திட்டோம்."

"அப்ப எங்களுக்கு?"

வழி இருந்தது. அலமாரியில் முந்நூறு கிரெய்ன் முனை ஒன்று இருந்தது, கட்டைவிரல் அளவு எஃகு, கிளாட்வின் எப்போதோ காட்டுப்பன்றிக் கதை சொல்லிக்கொண்டு வாங்கிப்போட்டது. ஆறு வளையத்தையும் பழைய முனையையும் கழற்றிவிட்டு அதை ஒன்றை மட்டும் முடுக்கினால், அம்பு குடியிருப்பையும் தாண்டி உப்புப் பாத்திகளுக்குப் போய்விடும், அங்கே வேண்டுமட்டும் இறங்கட்டும். அந்த முனை என் தெருவில் அம்பு வந்த நாளிலேயே அலமாரியில் இருந்தது. அன்றைக்கே அதை ஏற்றியிருந்தால் ஆறு தெருவையும் குடியிருப்பையும் ஒரே தாவாகத் தாண்டியிருக்கும். ஒரு தடவைக்கு ஒரு வளையம் என்பது விதி. என் தெருவைவிட்டுப் போவதற்கு ஒரு வளையமே போதுமாகவும் இருந்தது.

பேச்சிக்கனியிடம் முனையை எடுத்துக் காட்டினேன். அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"இதைக் குடுங்கம்மா. நாளைக்கே மாத்திருதேன்."

"நீங்க செய்ய முடியாது. ஆறு வளையத்தையும் கழட்டணும், கை நழுவினா வெறும் அம்பு. நானே வாறேன்."

"எப்பம்மா?"

வாசலுக்குள்ளிருந்து கிளாட்வின் இருமினார். நான் உள்ளே போனேன். "டெல்ஃபின், நல்லா யோசிச்சுக்கோ" என்றார். "கை நழுவிப் பழைய முனையோட அது போச்சுன்னா எங்க வரும்? வளையம் இல்லாத அம்பு நேரா நம்ம தெருவுக்குத்தான். நாலு அங்குலம் மிச்சம் இருந்தப்பவே உனக்கு விரல் வியர்த்துச்சு. இப்ப நூல் கணக்கு." அவர் சத்தம் போடவில்லை. அஞ்சலின் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தலையில் எத்தனை முடி, முடியின்கீழ் எத்தனை நூல் என்றுதான் எனக்கு ஓடியது.

ஆறுதெருக் கூட்டமைப்பின் தலைவர் தொபியாஸ் சார், துறைமுகத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு போன் செய்தேன். "பொது விஷயமாச்சேம்மா" என்றார். "அது திரும்பி வர்றதுக்கு வாய்ப்பு இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. ஆறு தெரு சனமும் இப்பத்தான் நிம்மதியாச் சாப்பிடுது. வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கூட்டம். விவாதப் பொருள்ல சேத்திடுறேன். எத்தனை நூல் இருக்குன்னீங்க?"

"ஆறு."

"நாளுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கே. வெள்ளிக்கிழமை செஞ்சாப் போதும்."

நாளுக்கு ஒண்ணு என்று அவர் சொன்னபோது நான் ஆமாம் என்றேன். ஆறு வளையம் ஏறிய அம்பு நாளுக்கு எத்தனை நூல் இறங்கும் என்று அவர் கேட்கவில்லை, நானும் கணக்குப் போடவில்லை. எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். கணக்கை ஒரு மூடியால் மூடுவதுபோல மூடிவைத்தேன், சோற்றுப்பானையை மூடுவதுபோல, கை சுடாமல்.

கேட்டுக்குப் போனேன். பேச்சிக்கனி அதே இடத்தில் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை வாறேன் அக்கா."

"தாங்குமாம்மா?"

"ஆறு நூல் இருக்குல்ல. வெள்ளிக்கிழமை ரெண்டு மிச்சம் இருக்கும்."

அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். என் முகத்தைப் பார்த்தாள். கான்வென்ட்டில் படித்தவள், அம்பு வேலை தெரிந்தவள், தெருவே வணங்குகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். "சரிம்மா" என்றாள். போகும்போது குழந்தையின் தலையைத் தன் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு போனாள், நாலு மணி எப்போதோ கடந்திருந்தும்.

செவ்வாய் போனது. புதன் அன்று கிட்டங்கித் தெரு வழியாக வந்தபோது, குடியிருப்புப் பக்கம் பெரியவர்கள் கடப்பாரையால் தரையை வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பிள்ளையை நிறுத்துவதற்கு ஒரு குழி. குழியில் நின்றால் அம்பும் குழிக்குள் இறங்கும் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். நான் கையில் மீன் வைத்திருந்தேன், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு நான் அஞ்சலினுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஆறு தெருக்களுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ரீங்காரம் மெலிதாக வழக்கம்போலக் கேட்டது, எல்லா நாளும் கேட்கும், அது தேய்ந்து கடலுக்குள் போய் முடியும், நாங்கள் அதைக் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டிருந்தோம். அன்று அது தேயவில்லை. நின்றது. ஒரு சத்தம் நின்றதை ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கேட்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பால்காரர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். எதிர்வீட்டில் குழாயை மூடினார்கள். பின்னலின் மூன்றாவது பிரி என் கையிலேயே இருந்தது.

ஆறு மணிக் கூட்டம் நடந்தது. பொருள் இல்லாமல் போனதால் பத்து நிமிடத்தில் முடிந்தது. இரங்கல் தீர்மானம் ஒன்று போட்டார்கள், தொபியாஸ் சார் அதை நல்ல தமிழில் எழுதியிருந்தார் என்று கிளாட்வின் சொன்னார்.

அடக்கத்துக்கு ஆறு தெருவிலிருந்தும் ஆட்கள் போனார்கள். பெண்கள் யாரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்கவில்லை. சுபத்ரா என்னைப் பார்த்து, பார்க்காததுபோல வேறு பக்கம் போனாள். அம்பை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அடுத்த வாரம் துணிக்கொடிகள் ஒரு முழம் இறங்கின. பால்காரர் நாலு மணிக்கே வந்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை நாலு மணிக்குப் பேச்சிக்கனி நடக்கத் தொடங்கினாள்.

கிட்டங்கித் தெருவின் மேல்முனையில் நுழைந்து கீழ்முனைவரை, பிறகு புதுத்தெரு, பிறகு கீழத்தெரு, தச்சர் தெரு, பண்டகசாலைத் தெரு என்று ஒவ்வொன்றாக, அம்பு வந்த வழியைப் பின்னாலிருந்து முன்னாலாக, அம்பின் அதே வேகத்தில், அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், வலக்கையை உள்ளங்கை கீழே பார்க்க நீட்டியபடி நடந்தாள். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை ஆகக் குட்டை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டுக்குள் போவாள், பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே போவாள், அதன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்தபடியே கடந்து, மறுபடியும் தெருவுக்கு வருவாள். முதல் நாள் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கம்பவுண்டர் கதவைச் சாத்தினார், கதவு திறந்துகொண்டது. அவள் வரும்போது தெருவில் நின்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தார்கள். தலையைக் குனிந்தார்கள். இப்போது எல்லாத் தெருவிலும் குனிகிறார்கள். கண்டக்டர் அந்த டிரிப்பை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

கடைசியாக எங்கள் தெரு. அதற்குள் ஐந்தரை ஆகிவிடும்.

அந்த நாலு பிள்ளைகளும் தெருவில் ஓடத் தொடங்கிய பின்னும் அவள் அவர்கள் யாரிடமும் போகவில்லை, என் வீட்டுக்குத்தான் வந்தாள். அஞ்சலின் குட்டை என்பதாலல்ல. முதல் நாள் கிளாட்வின் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார், பேச்சிக்கனியும் மாடிக்குப் போனாள், கால் உப்பு ஒவ்வொரு படியிலும் இருந்தது, அவர் குழந்தையை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஒரு சாண். மறுநாள் அதைவிடக் கொஞ்சம் குறைவு. நான் அளக்கவில்லை என்று சொல்ல முடியாது. நாளுக்கு இரண்டு நூல்.

அவளைத் தடுக்கச் சொல்லித் தொபியாஸ் சாரிடம் கிளாட்வின் மனு எழுதிக்கொடுத்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. என் அக்கா வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுபோகச் சொல்லி என் அம்மா போனில் அழுதாள். கொண்டுபோகவில்லை. பயம் இல்லாமல் இல்லை. அந்தக் கை இறங்கி முடிகிற நாளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாலு மணியிலிருந்தே அஞ்சலினுக்கு முகம் கழுவி, தலை பின்னி, கூடத்தின் நடுவே நிற்க வைத்துவிட்டு, கேட்டையும் கதவையும் அகலத் திறந்துவைத்தேன். முப்பத்தாறு நாளும் அப்படித்தான்.

இன்று முப்பத்தேழாம் நாள். இன்னாசி அண்ணனின் குச்சியில் ஒரு நூல்கூட மிச்சமில்லாத நாள் என்று எனக்குத் தெரியும், பேச்சிக்கனிக்கும் தெரியும். ஐந்தரைக்கு அவள் கேட்டைக் கடந்து உள்ளே வந்தாள். கிளாட்வின் வீட்டில் இல்லை. நான் குழந்தைக்குப் பின்னால் நின்றேன், தோளைப் பிடிக்கவில்லை. உள்ளங்கை வந்தது, உப்பு அரித்து நடுவில் வெடித்த உள்ளங்கை, அஞ்சலினின் உச்சந்தலைமேல் வந்து பட்டது, பட்டு அங்கேயே இருந்தது. அவள் நடை நின்றது. அத்தனை நாளில் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. அவள் விரல்கள் மெதுவாக மடங்கி, முடிக்குள் போய், மண்டை ஓட்டின் உருண்டையைத் தேங்காயை எடை பார்ப்பதுபோலப் பிடித்தன. அஞ்சலின் அண்ணாந்து அவளைப் பார்த்தாள்.

"ஆறு வளையம் ஏறுனா நாளுக்கு ரெண்டு நூலு இறங்கும்னு," என்றாள் பேச்சிக்கனி, குழந்தையையே பார்த்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியும்லாம்மா."

கூடத்துச் சுவரில் அம்பு போட்ட ஓட்டை வழியாகத் தெரு வெளிச்சம் ஒரு புள்ளியாக வந்து விழுந்திருந்தது. வெளியே எங்கள் தெருவே குனிந்து நின்றது.

"தெரியும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கையை எடுக்கவில்லை. "எம் புள்ள இவளவிட ஒரு விரக்கடை உசரம்" என்றாள், பிறகு குனிந்து, என் மகளின் பின்னலில் நான் அவசரத்தில் விட்டிருந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி குளிர்ந்திருந்தது. அம்பைப் பிடித்தவர்களை அம்பு இழுத்துப்போனதுபோல, அவள் நடக்கத் தொடங்கியபோது நானும் நடந்தேன், என் வாசலைக் கடந்து, குனிந்த தலைகளுக்கு நடுவே, நிமிர்ந்து, அவளுடைய வேகத்தில், உப்பளக் குடியிருப்பை நோக்கி. குழந்தை கூடத்தின் நடுவே, நான் நிறுத்திவைத்த இடத்திலேயே, நின்றுகொண்டிருந்தது.